மண்ணோடு போட்ட எடை

தராசுதானே ஏட்டையா? தாராளமா எடுத்துக்கிடலாம். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த அரிசி மூட்டை மேலே உட்காருங்க, இது ஆடாது.

நீங்க ஸ்டேஷனுக்குப் புதுசு. மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகுதுன்னு கேள்விப்பட்டேன். அதனாலதான் நேரா என் கடைக்கு வந்துட்டீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன், இந்தப் பக்கம் நான். நடுவிலே ஒரு தார் ரோடு, அவ்வளவுதான். ஆனா அந்தக் கேஸ் முடிஞ்சதிலேயிருந்து ஒரு காக்கிச் சட்டைகூட இந்த ரோட்டைத் தாண்டி வரலை, பார்த்துக்கிடுங்க. காப்பித்தூள்கூட பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்குறாங்க. அங்கே சிக்கரி பாதிக்குப் பாதி.

நீங்க என்னன்னா கஞ்சா பிடிச்சு வச்சிருக்கீங்க, எடை போடத் தராசு வேணும், மகஜரிலே கையெழுத்துப் போட ஒரு சாட்சி வேணும்னு வந்து நிக்கிறீங்க. ரெண்டும் இங்கேதான் இருக்கு. நான் வராம இருப்பேனா? ஆனா நடந்ததை நீங்க தெரிஞ்சுக்கிடணும். ஸ்டேஷனிலே யாராவது வேற மாதிரி சொல்லிடுவாங்க. உள்ளதை நான் சொல்றேன்.

என் பேர் சுயம்புலிங்கம். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். இங்கே மலையடிவாரத்துக்கு வந்து கடை போட்டப்போ ஸ்டேஷனே ஓட்டுக் கட்டடம். அப்போலேயிருந்து இந்த ஸ்டேஷனுக்குச் சாட்சின்னா நான்தான். எத்தனை கேஸ்னு கணக்கு வச்சுக்கிடலை. சாராயக் கேன் பிடிச்சாலும் சரி, சந்தனக்கட்டை பிடிச்சாலும் சரி, பிடிச்ச சாமானை எழுதி மகஜர் தயார் பண்ணிட்டு ஒரு போலீஸ்காரர் இங்கே வருவார். காப்பித்தூள் கட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவேன். சில சமயம் நாலஞ்சு கேஸ் சேர்த்துக் கொண்டு வருவாங்க. படிச்சுப் பார்க்கிறதில்லை. சாட்சிக்காரன் படிக்க உட்கார்ந்தா போலீஸ்காரர் எப்போ வீட்டுக்குப் போவார்? அப்புறம் கோர்ட்டுக்குப் போய், "நான் அங்கே இருந்தேன், என் முன்னாடிதான் பிடிச்சாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸிலே திரும்பிடுவேன். அந்தக் கேஸ் வரைக்கும் என் சாட்சியிலே ஒருத்தனும் வெளியே வந்தது கிடையாது ஏட்டையா. அது ஒரு பேர்தானே.

தராசு விஷயம் வேற. தராசிலே நான் விளையாடமாட்டேன். அந்தப் போர்டைப் பாருங்க, "எடையில் சந்தேகம் இருந்தால் மறுபடி போடச் சொல்லவும்"னு எழுதியிருக்கு. வருஷா வருஷம் அரசாங்க முத்திரை. அதிகாரி வர்றதுக்கு முந்தி நானே ஆபீஸுக்குத் தூக்கிக்கிட்டுப் போய் நிப்பேன். கையெழுத்துக்கு முத்திரை கேட்கிறவங்க யாரு? தராசுக்குக் கேட்பாங்களே.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சமயம். நல்ல மழை பெய்ஞ்சு வெறிச்சிருந்தது. மத்தியானம். இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி இருந்தார் அப்போ. ஒரு குட்டியானை வண்டியைப் பிடிச்சு ஓட்டிக்கிட்டு வந்து என் கடை வாசலிலேயே நிறுத்தினாங்க. ஓட்டினவன் மொக்கராசு. நம்ம ஊர்க்காரன்தான். யார் கூப்பிட்டாலும் எந்தச் சாமானையும் ஏத்துவான். வண்டியிலே ஒரு பெரிய சாக்கு மூட்டை, ஈரம் சொட்டுது.

"மூட்டையிலே என்னடா?"ன்னாங்க. "தெரியாது சார். மலையிலே ஒரு தோட்டத்துக்காரர், குப்பைச் செடி, எங்கேயாவது ஓடையிலே கொட்டிட்டுப் போயிடுன்னு சொன்னார்"ங்கிறான். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நானும் அப்போ அப்படித்தான் நினைச்சேன், இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தத் தோட்டத்துக்காரர் யாருன்னு கேட்டா பேர் தெரியலை. போன் பண்ணினா அந்த நம்பர் எடுக்கலை.

மூட்டையைத் தூக்கி இந்த மேடைத் தராசிலே வைக்கப் போனாங்க. நான் அவிழ்த்துப் பார்த்தேன். வேரோட பிடுங்கின செடி. வேரிலே மண்ணு, களிமண்ணு, இட்லி மாதிரி ஒட்டியிருக்கு. நான் சொன்னேன், "சார், உதறிட்டு வைப்போம். சாக்கு வேற நனைஞ்சிருக்கு, சாக்குக்கு ஒரு கழிவு போடணும்."

இன்ஸ்பெக்டர் சிரிச்சார். "அண்ணாச்சி, இது என்ன உளுந்தா? தூக்கி வைங்க."

வச்சோம். இருபத்திரண்டு கிலோ நானூறு. அவர் அதைப் பார்த்து "இருபது தாண்டியாச்சு"ன்னார். ரொம்பத் திருப்தி. கூட நின்ன போலீஸ்காரர் மொக்கராசு தோளைத் தட்டி, "பத்து வருஷத்துக்கு வாடகைச் செலவு இல்லைடா உனக்கு"ன்னார். எனக்கு அப்போ அது புரியலை. அப்புறம்தான் சொன்னாங்க. ஒரு கிலோவுக்குள்ளே இருந்தா அதிகபட்சம் ஒரு வருஷம். இருபது கிலோவைத் தாண்டினா வியாபார அளவு, குறைஞ்சது பத்து வருஷம், ஜாமீன் வாங்குறது குதிரைக்கொம்பு. மத்திய அரசாங்கத்துச் சட்டம். காஷ்மீரிலே பிடிச்சாலும் அதுதான், கன்னியாகுமரியிலே பிடிச்சாலும் அதுதான்.

அப்புறம் மாதிரி எடுக்கணும்னார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணுமே. மூட்டையிலே மேலாக ரெண்டு செடியிலே நுனியிலே பூவும் காயுமா கொத்து கொத்தா நின்னுச்சு. அதைக் கிள்ளி ரெண்டு கவரிலே போட்டார். ஏலக்காய் போடுற சின்னத் தராசிலே இருபத்தஞ்சு இருபத்தஞ்சு கிராம் நானே போட்டுக் கொடுத்தேன். மாதிரிக்கு நல்ல சரக்கைத்தானே எடுப்பாங்க. நாங்களும் அப்படித்தான்.

அந்த இடைவெளியிலே என் கை சும்மா இருக்கலை. மிளகாய் வத்தல் மூட்டை வாங்கினா அடி வரைக்கும் கையை விட்டுப் பார்ப்போம். மேலே நல்ல வத்தலா இருக்கும், அடியிலே காம்பும் சருகுமா இருக்கும். அந்தப் பழக்கத்திலே கை தானா உள்ளே போயிடுச்சு. கிளறிப் பார்த்தா, மேலே இருந்த அந்த ரெண்டு செடியைத் தவிர எல்லாம் மொட்டை. நுனியை யாரோ சுத்தமாக் கிள்ளி எடுத்திருக்கான். வெறும் தண்டும் இலையும். எனக்குச் சிரிப்பு வந்தது. எவனோ சரக்கை எடுத்துக்கிட்டுச் சக்கையை இவன் தலையிலே கட்டியிருக்கான்னு நினைச்சேன். யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. மகஜரிலே கையெழுத்துப் போட்டேன். "கஞ்சா, இருபத்திரண்டு கிலோ நானூறு."

மொக்கராசைக் கொண்டுபோயிட்டாங்க. வண்டியை ஸ்டேஷன் வேப்பமரத்தடியிலே நிறுத்தினாங்க. நீங்க சட்டை காயப் போடுறீங்களே, அந்த வண்டிதான்.

அவன் பெண்டாட்டி அழகுத்தாய் இங்கேதான் சாமான் வாங்கும். முன்னாடியெல்லாம் அரிசி மூட்டையா எடுக்கிற குடும்பம், அப்புறம் ஒரு கிலோ, அப்புறம் அரைக் கிலோன்னு வந்துடுச்சு. ஒரு நாள் பணத்தை மேஜையிலே வச்சுட்டுப் போகாம நிக்குது.

"அண்ணாச்சி, பிள்ளை நாலாவது படிக்குது. அவர் வெளியே வரும்போது அது பெரிய மனுஷி ஆகிக் கல்யாணத்துக்கு நிக்கும்."

"சட்டம் அப்படி இருக்கும்மா"ன்னேன்.

"நீங்க கண்ணாலே பார்த்தது எதுவோ, அதை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேட்கலை."

"நான் அரசாங்கச் சாட்சிம்மா. என்கிட்டே இப்படியெல்லாம் பேசக்கூடாது"ன்னேன். சொல்லிட்டு ஒரு துண்டு வெல்லம் கொசுறாப் போட்டுக் கொடுத்தேன். சாட்சி வேற, வியாபாரம் வேற.

கேஸ் வர ஒரு வருஷத்துக்கு மேலே ஆயிடுச்சு. அவன் உள்ளேயே இருந்தான். கோர்ட்டுக்குப் போற அன்னைக்கு இன்ஸ்பெக்டர் என்னை ஜீப்பிலேயே கூட்டிக்கிட்டுப் போனார். வழியிலே ஒரே பாடம். "அண்ணாச்சி, மகஜரிலே இருக்கிறதை அப்படியே சொல்லுங்க. அந்த அம்மா குறுக்கே என்ன கேட்டாலும் ஞாபகம் இல்லை. அவ்வளவுதான். ஞாபகம் இல்லை."

அந்த அம்மான்னா நசீமா பானு. மொக்கராசோட வக்கீல். சின்னப் பொண்ணுதான். கோர்ட்டிலே நான் கூண்டிலே ஏறினேன். அரசாங்க வக்கீல் கேட்டதுக்கெல்லாம் ஆமாம் ஆமாம்னு கடகடன்னு சொன்னேன். எல்லாம் சுத்தமா முடிஞ்சுது. அப்புறம் அந்த அம்மா எழுந்தாங்க. முதல்லே கோர்ட்டிலே இருந்த மூட்டையை எல்லார் முன்னாடியும் எடை போடச் சொன்னாங்க. போட்டாங்க. ஒன்பது கிலோ முந்நூறு.

"எடை போட்டது உங்க கடைத் தராசுதானே?"

"ஆமாம்மா."

"அது காட்டினது இருபத்திரண்டு கிலோ நானூறு."

"ஆமாம்மா."

"அதே மூட்டை. சீல் உடையலை, எலி கடிக்கலை. இங்கே ஒன்பதுதான் காட்டுது. அப்போ தப்பு எங்கே இருக்கு? உங்க தராசு கூடுதலாக் காட்டுற தராசுன்னு நான் சொல்றேன்."

ஏட்டையா, பின் பெஞ்சிலே நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர் வேற ஏதோ கேஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தர் மாசா மாசம் என்கிட்டே பருப்பு வாங்குறவர். அதுவரைக்கும் தூங்கி வழிஞ்சுக்கிட்டிருந்தார். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பக்கத்திலே அழகுத்தாய். கதவுப் பக்கம் இன்ஸ்பெக்டர். அவர் தலையை இப்படி இப்படி ஆட்டுறார். ஞாபகம் இல்லைன்னு சொல்லணும். எனக்கும் அது ஞாபகம் இருந்தது.

ஆனா அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? தராசு தப்புன்னு ஆகுதா இல்லையா? நாளைக்கு ஊருக்குள்ளே அந்தப் பருப்புக்காரர் என்ன பேசுவார்?

நான் சொன்னேன், "அம்மா, என் தராசு பொய் சொல்லாது. அதுக்கு மேலே என்ன வச்சாங்களோ அதைக் காட்டினது. அவ்வளவுதான்."

"என்ன வச்சாங்க?"

"நனைஞ்ச சாக்கு. அதுக்கு ஒரு கழிவு போடலை. கட்டின கயிறு. வேர். வேரிலே ஒட்டின களிமண்ணு, அதுவே நாலு கிலோ தேறும். பச்சைத் தண்டு. எல்லாம் ஈரம். காய்ஞ்சா எடை இறங்காதா? மண்ணு உதிராதா? உதறிட்டுப் போடுவோம்னு நான்தான் சொன்னேன். என் கடையிலே மண்ணோட எடை போட்டுப் பழக்கம் கிடையாது."

அரசாங்க வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர். என்னைப் பார்த்து, "நிதானமாச் சொல்லுங்க, பதிவு பண்ணணும்"ன்னார். என் பேச்சைக் கோர்ட்டிலே ஒருத்தர் நிறுத்தி நிதானமாக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா கேட்டாங்க, "செடிகளிலே பூ இருந்ததா?"

"ரெண்டு செடியிலே இருந்தது. அதை மாதிரிக்குன்னு இன்ஸ்பெக்டர் கிள்ளிக்கிட்டார். ரெண்டு கவர்."

"மத்த செடிகளிலே?"

"மத்ததெல்லாம் மொட்டை அம்மா. நான் அடி வரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். நுனி ஒண்ணுகூட இல்லை."

"அந்த ரெண்டு செடியும் எவ்வளவு இருக்கும்?"

"தராசிலே தனியாப் போடலை. கையிலே எடுத்துப் பார்த்தேன். மண்ணோடவே முக்கால் கிலோ தாண்டாது."

அப்போ அவங்க ஒரு புத்தகத்தைப் பிரிச்சு வாசிச்சாங்க. இங்கிலீஷிலே வாசிச்சுட்டு எனக்காகத் தமிழிலேயும் சொன்னாங்க. கஞ்சான்னா அந்தச் செடியோட பூத்த நுனி, இல்லேன்னா காய்த்த நுனி. எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அதுதான். நுனியோட சேராம தனியா வந்த விதையும் இலையும் கஞ்சாவிலே சேராது. வேர், தண்டு, மண்ணு பத்தி அதிலே பேச்சே இல்லை.

அது எவ்வளவு தெளிவா இருந்தது தெரியுமா? படிச்சவங்க டெல்லியிலே உட்கார்ந்து எழுதினது, ஆனா வியாபாரி எழுதின மாதிரி இருந்தது. எது சரக்கு, எது கழிவு, பிரிச்சுச் சொல்லிட்டாங்க. நான் அந்த அம்மாகிட்டே, "சரியாத்தான் எழுதியிருக்காங்க"ன்னேன். அவங்க, "நன்றி, வேற கேள்வி இல்லை"ன்னு உட்கார்ந்துட்டாங்க.

அரசாங்க வக்கீல் விடலை. "நுனியோட சேர்ந்து வந்த இலையும் கஞ்சாதான். ஒரே மூட்டையிலேதானே இருந்தது?"ன்னு நீதிபதிகிட்டே சொன்னார். நீதிபதி என்னைத்தான் கேட்டார். "மொட்டைச் செடிகள் தனியா இருந்ததா, பூச்செடியோட கலந்து இருந்ததா?"

நான் சொன்னேன், "மொட்டைச் செடியெல்லாம் வாழைநாரிலே தனித்தனிக் கட்டு ஐயா. கொத்தமல்லிக் கட்டு மாதிரி. பூச்செடி ரெண்டும் கட்டாம மேலே கிடந்தது. அவசரத்திலே எவனோ பார்க்காம விட்டிருக்கான்."

எழுதிக்கிட்டார்.

வெளியே வராந்தாவிலே வந்து நின்னேன். பருப்புக்காரர் வந்து, "அண்ணாச்சி, தராசைப் பத்தி நறுக்குன்னு சொன்னீங்க"ன்னார். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. இன்ஸ்பெக்டர் வந்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம்?"ன்னார்.

"ஒரு குறையும் இல்லை சார்"ன்னேன். "அந்த அம்மாவைச் சமாளிச்சாச்சு. தராசு சரிதான்னு கோர்ட்டே எழுதிக்கிட்டாச்சு. இனிமே உங்க கேஸை ஒருத்தர் அசைக்க முடியாது."

அவர் விறுவிறுன்னு திரும்பி நடந்தார். ஜீப்பிலே ஏறிப் போயிட்டார். நான் பஸ்ஸிலே வந்தேன். அவருக்கு ஏதோ அவசர வேலை.

தீர்ப்பு என்ன தெரியுமா? வியாபார அளவுன்னு நிரூபிக்கலையாம். கஞ்சான்னு உறுதியானது ஒரு கிலோவுக்கும் கீழேதானாம். அதுக்குச் சட்டத்திலே இருக்கிறதே அதிகபட்சம் ஒரு வருஷம். அவன் ஏற்கெனவே அதைத் தாண்டி உள்ளே இருந்துட்டான். அன்னைக்கே விட்டுட்டாங்க. ஒரு வருஷம் போக மிச்ச மாசமெல்லாம் கொசுறு. அதை யாரும் திருப்பித் தர முடியாதே.

எனக்கு வருத்தம்தான் ஏட்டையா. என் சாட்சியிலே வெளியே வந்த ஒரே ஆள் அவன்தான். நான் அவ்வளவு விளக்கமாச் சொல்லியும் கேஸ் நிக்கலையே. அரசாங்க வக்கீல் சரியில்லை, அதான் நான் நினைக்கிறது. நடுவிலே நடுவிலே எழுந்து என்னைப் பேசவிடாம கெடுத்துட்டார்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு மொக்கராசு கடைக்கு வந்தான். பாதி ஆளா இருந்தான். பக்கத்திலே அந்தப் பிள்ளை. அப்பன் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டே நிக்குது, விடவே இல்லை. அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எனக்கு எதுக்குடா கும்பிடு? நான் உனக்கு எதிர்ச்சாட்சி"ன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி"ன்னான். "அரைக் கிலோ சீனி கொடுங்க."

போட்டுக் கொடுத்தேன். அவன் தராசைப் பார்க்கலை. எல்லாரும் அந்த நம்பரைப் பார்ப்பாங்க, அவன் பார்க்கலை. எனக்கு அது கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்தது. பாருடான்னு சொன்னேன். "வேண்டாம் அண்ணாச்சி"ன்னுட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டான். திமிர்.

அதிலேயிருந்துதான் ஸ்டேஷன் ஆள் யாரும் வர்றதில்லை. இன்ஸ்பெக்டருக்கு மாற்றல். அடுத்து வந்தவருக்கு என்னைப் பத்தி யார் என்ன சொன்னாங்களோ. போகட்டும். நீங்க வந்துட்டீங்க. வேலை தெரிஞ்சவங்க கண்ணுக்குத்தான் நல்ல ஆள் யாருன்னு தெரியும்.

சரி, நேரமாச்சு. மேடைத் தராசை நான் தூக்கிக்கிடுறேன், சின்னத் தராசை நீங்க பிடிங்க. ஒரு சல்லடை எடுத்துக்கிடுறேன், மண்ணு சலிக்க. ஒரு முறமும் இருக்கட்டும். பூவு, இலை, தண்டு, வேருன்னு நாலாப் பிரிச்சுத் தனித்தனியா எடை போட்டுடுவோம். இந்தத் தடவை மகஜரையும் நான் ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டே கையெழுத்துப் போடுறேன். கோர்ட்டிலே அவ்வளவு பேர் முன்னாடி நின்னுட்டு, இனிமே படிக்காமப் போட்டா நல்லா இருக்காது. ஒரு ஓட்டை இருக்காது பாருங்க.

என்ன ஏட்டையா, எழுந்துட்டீங்க? டீ வரச் சொல்லியிருக்கேனே. இன்ஸ்பெக்டரைக் கேட்டுட்டு வர்றீங்களா? கேட்டுட்டு வாங்க, நல்லது. நான் சட்டையை மாத்திக்கிட்டுத் தயாரா இருக்கேன்.

ஏட்டையா... ஸ்டேஷன் எதிரே இருக்கு. நீங்க அந்தப் பக்கம் போறீங்களே. அது பூபாலன் சிமெண்டுக் கடை. அவர்கிட்டேயும் தராசு இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா அவருக்கு ரெண்டு கண்ணிலேயும் புரை விழுந்து ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கு. மூட்டைக்குள்ளே என்ன இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாதே, ஏட்டையா.